பயிற்சி மைதானத்தின் வாத்தியார்: ரஹீம் சாஹிப்



சாயங்காலம் லேப் முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போற வழியில நம்ம காலேஜ் கிரவுண்டை ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கீங்களா? கால்பந்து டீம் பிராக்டிஸ் நடந்துட்டிருக்கும். முதல்ல கிரவுண்டைச் சுத்தி நாலு ரவுண்டு ஓட்டம். அப்புறம் கோல் போஸ்டுக்கு முன்னால ரேஷன் கடை மாதிரி ஒரு நீள வரிசை, ஆளுக்கு ஒரு ஷாட். கடைசியில இருட்டுற வரைக்கும் மேட்ச். அவ்வளவுதான் பிராக்டிஸ்.

இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வரிசையில் 20 பேர். ஒருவர் ஷாட் அடித்து, பந்து திரும்பி வர 15 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை மறுபடி வர 300 வினாடி, அதாவது 5 நிமிடம். அரை மணி நேரம் இப்படி நின்றால் நீங்கள் பந்தை உதைப்பது மொத்தம் 6 தடவை. மீதி நேரம் முழுக்க அரட்டை. இதற்குப் பெயர் பயிற்சி என்றால், பஸ் ஸ்டாப்பில் நிற்பதும் பயிற்சிதான்!

அப்படியென்றால் பயிற்சி நேரத்தை எப்படித்தான் பயன்படுத்துவது? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் எல்லோரையும் விட நன்றாக விடை தெரிந்து வைத்திருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். வீரர்களுக்கு அவர் ரஹீம் சாஹிப். 2024-இல் வந்த மைதான் படம் பார்த்தவர்களுக்கு அஜய் தேவ்கன் முகம் ஞாபகம் வரும். படத்தின் உச்சம் ஜகார்த்தா இறுதிப்போட்டி. ஆனால் அந்தப் போட்டி ஜெயிக்கப்பட்டது அன்றைக்கு அல்ல, அதற்கு முன்னால் யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்காத பயிற்சி நேரங்களில். இந்தக் கட்டுரை அந்த நேரங்களைப் பற்றியது.

வாத்தியார் வேலையும் பந்தும்

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17. அப்போது ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே கல்லூரி அணிக்கும் ஆடினார். பிறகு உள்ளூர் லீகில் கமர் கிளப் என்ற நல்ல அணியில் விளையாடினார். பட்டம் வாங்கியதும் அவர் போனது வாத்தியார் வேலைக்குத்தான். காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். நடுவில் உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பள்ளி விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

இந்த வாத்தியார் வேலையைச் சாதாரணமா நினைக்காதீங்க. அவருடைய பயிற்சி முறைக்கே வேர் அங்கேதான் இருக்கிறது. நல்ல ஆசிரியர் என்ன செய்வார்? மாணவனுக்கு எது வரவில்லை என்று முதலில் கண்டுபிடிப்பார். பிறகு அதை மட்டும் தனியாக எடுத்து, அதைத் தவிர்க்கவே முடியாத மாதிரி ஒரு கணக்குக் கொடுப்பார். ரஹீம் இதையே மைதானத்தில் செய்தார்.

1943-இல் அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை, சுமார் 20 வருடம், அந்தப் பொறுப்பில் இருந்தார். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரும் அவரே. அந்த அணி 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து 5 முறை வென்றது. 1950-லும் 1954-லும் டூராண்ட் கோப்பையும் கைக்கு வந்தது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள்தான் இந்தியக் கால்பந்து என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தெற்கிலிருந்து ஒரு போலீஸ் அணி வந்து கோப்பைகளை அள்ளிக்கொண்டு போனது.

விதியை மாற்று, ஆட்டம் மாறும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

அந்தக் காலத்து நம் பையன்களுக்கு டிரிபிளிங் என்றால் உயிர். பந்து காலுக்கு வந்தால் போதும், மூணு பேரைத் தாண்டிக் காட்டாமல் விடமாட்டார்கள். கூட்டமும் அதற்குத்தான் கை தட்டும். (இப்போ மட்டும் என்ன, நம்ம டிபார்ட்மென்ட் மேட்சிலும் அதே கதைதான்!) ஆனால் நன்றாகத் தயாரான அணிக்கு எதிராக இது எடுபடாது. ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு சுற்றும் நேரத்தில் எதிரணி முழுக்கத் திரும்பி வந்து நின்றுவிடும்.

இதற்குப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் என்ன செய்வார்கள்? கோட்டுக்கு வெளியே நின்று பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ரஹீம் வேறு வழியில் போனார். சிறுவர்களுக்காக டிரிபிளிங்கே கூடாத போட்டிகளை நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு ஆளைத் தாண்டக் கூடாது. வாங்கு, கொடு, நகரு. அவ்வளவுதான்.

இந்த ஒரே விதி என்னென்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பந்து வந்த பிறகு யோசிக்க உங்களுக்கு நேரம் கிடையாது. அதனால் பந்து வருவதற்கு முன்பே தலையை நிமிர்த்தி யார் எங்கே இருக்கிறார் என்று பார்த்தாக வேண்டும். முதல் தொடுதலிலேயே பந்து அடங்க வேண்டும், இல்லையென்றால் போச்சு. பந்து இல்லாத மற்றவர்களும் சும்மா நிற்க முடியாது. அவர்கள் காலி இடத்துக்கு ஓடினால்தான் பந்து வைத்திருப்பவனுக்குக் கொடுக்க ஆள் கிடைக்கும். இவ்வளவும் ஒரு வார்த்தை அறிவுரை இல்லாமல் நடக்கிறது. கத்த வேண்டிய வேலையை விதி பார்த்துக்கொள்கிறது.

அடுத்தது பலமில்லாத கால். நம்மில் நிறைய பேருக்கு இடது கால் பஸ் ஏறத்தான். அதை வலிமையாக்க, பலமில்லாத காலால் ஆடுவதற்கென்றே தனிப் போட்டிகளை நடத்தினார் ரஹீம். பயிற்சியில் பத்து நிமிடம் இடது காலால் சுவரில் அடி என்று சொன்னால் எவனும் மனசு வைத்துச் செய்யமாட்டான். அதையே ஜெயிப்பது, தோற்பது என்று ஒரு போட்டியாக்கிவிட்டால் சாப்பாட்டை மறந்து செய்வான். இரண்டு காலாலும் ஆடத் தெரிந்தவனைத் தடுப்பது கஷ்டம். எந்தப் பக்கம் திரும்புவான் என்று எதிராளிக்குத் தெரியாது.

கவனியுங்கள், இந்த இரண்டுக்கும் வெளிநாட்டு உபகரணமோ பெரிய பணமோ தேவைப்படவில்லை. ஒரு பந்து, ஒரு மைதானம், கூடவே ஒரு புத்திசாலித்தனமான கட்டுப்பாடு. நம்ம பாஷையில் சொன்னால், அவர் அவுட்புட்டைத் திட்டவில்லை, கன்ஸ்ட்ரெயின்ட்டை மாற்றினார்.

10-1

1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரஹீம் பயிற்சியில் இந்தியா இறுதிப்போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. கோல் அடித்தவர் ஷாஹு மேவாலால். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ் வந்தது. அங்கே யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது.

நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். பழக்கமில்லாத குளிர். இங்கே உள்ளூர்ப் போட்டிகள் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே நடந்து வந்ததால் முழு நேரம் ஓடிய பழக்கமும் இல்லை. எதிரே நின்றதோ அந்த ஒலிம்பிக்ஸில் வெள்ளி வாங்கப்போகிற அணி.

செமஸ்டர் ரிசல்ட்டில் பத்துப் பேப்பரில் ஒன்பது ஊத்திக்கிட்டா எப்படி இருக்கும்? அப்படி ஒரு நிலைமை. அந்தத் தோல்விக்குப் பிறகு இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமானது. கேட்க ஒரு வரிதான். ஆனால் பயிற்சியாளர் இடத்தில் இருந்து யோசியுங்கள். சின்ன வயதிலிருந்து வெறுங்காலில் பந்தைத் தொட்டுப் பழகியவனுக்குத் தோலும் ஆணியும் வைத்த பூட்ஸை மாட்டினால் பந்தின் ஸ்பரிசமே மாறிவிடும். பந்தை நிறுத்துவது, தட்டுவது, திரும்புவது எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டியில் கற்றுக்கொள்ள முடியாது. பயிற்சியில்தான் முடியும்.

நாலு வருடம் கழித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். முதல் சுற்றில் எதிரணி விலகிக்கொண்டதால் இந்தியா நேராகக் காலிறுதிக்குப் போனது. அங்கே போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவையே 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசோசா 3 கோல் அடித்தார். ஒலிம்பிக்ஸ் கால்பந்தின் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. அரையிறுதியில் எதிரே நின்றது மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது நாம்தான்! முடிவில் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான போட்டியிலும் பல்கேரியாவிடம் 3-0 என்று தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பினோம்.

பதக்கம் இல்லைதான். ஆனால் 10-1 எங்கே, 4-1 எங்கே! நடுவில் இருந்தது நாலு வருடப் பயிற்சி.

சைக்கிள் வாடகை

மெல்போர்ன் போன அணியில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு இளைஞர் இருந்தார். செகந்திராபாத் பக்கம் அம்முகூடா என்ற கிராமம். பெற்றோர் தமிழர்கள், வசதி இல்லாத குடும்பம். உள்ளூர் ஆட்டத்தில் இந்தப் பையனைக் கவனித்த ரஹீம், ஹைதராபாத்தில் நடக்கும் பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் தினம் வந்து போகக் காசு இல்லை என்றார் பலராம். ரஹீம் வாடகை சைக்கிளுக்கான பணத்தைத் தன் கையிலிருந்து கொடுத்தார். பையன் மிதித்து வந்தான். அதே 1956-இல் அவர் ஒலிம்பிக்ஸ் வீரர்!

பயிற்சி என்றால் கோன் வைப்பதும் விசில் ஊதுவதும் மட்டும் இல்லை நண்பர்களே. ஒருவன் ஏன் பிராக்டிஸுக்கு வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதிதான். நம்ம டீமிலும் ரெண்டு நாள் வராதவனைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். அவனுக்கு மெஸ் பில் பிரச்சினையா, பூட்ஸ் கிழிந்துவிட்டதா, வீட்டில் ஏதாவதா என்று எத்தனை கேப்டன்கள் கேட்கிறார்கள்?

1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் பிரிவு கடினமானது. ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்றோம். பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தோம். பெருவிடம் 3-1 என்று தோற்றோம். ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக நம் கோல்களை அடித்தவர் யார் தெரியுமா? அந்த வாடகை சைக்கிள் பையன்தான்.

ஜகார்த்தா

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி ஜகார்த்தாவில். ரஹீமுக்கு அப்போது 53 வயது. நுரையீரல் புற்றுநோய் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. உடல் தளர்ந்த அந்த நிலையிலும் அணியோடு போனார்.

முதல் போட்டியிலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று அடி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரையிறுதிக்கு வந்தது. ஆனால் தாய்லாந்து போட்டியில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. உயரே வரும் பந்துகளைத் தலையால் முட்டித் தள்ளுவதே பாதி வேலையாக உள்ள இடத்தில் அவரை நிறுத்துவது ஆபத்து. வேறு பயிற்சியாளராக இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்கள வீரராக இறக்கினார்! தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் ஜர்னைல் கோல் அடித்தார். இந்தியா 3-2 என்று வென்றது.

இது திடீர் அதிர்ஷ்டம் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவனை ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு மட்டும் பழக்கிய அணியில் இப்படி மாற்ற முடியுமா? யார் எங்கே நின்றாலும் பந்தை வாங்கிக் கொடுத்து நகரத் தெரிந்த அணியில்தான் முடியும். மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடிய பழைய முறையிலிருந்து 4-2-4 அமைப்புக்கு இந்திய ஆட்டத்தை நகர்த்தியதில் ரஹீமுக்குப் பெரிய பங்கு உண்டு. நடுக்களத்தில் இரண்டே பேர் நிற்கும் அமைப்பு அது. பந்து காலில் தங்கினால் அந்த இரண்டு பேரும் மூழ்கிவிடுவார்கள். டிரிபிளிங் கூடாது என்று சிறுவர்களுக்கு வைத்த விதியின் பலன் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

செப்டம்பர் 4, இறுதிப்போட்டி. எதிரே மறுபடியும் தென் கொரியா. செனாயன் அரங்கத்தில் சுமார் 1 லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி சோந்தி எதிர்த்திருந்தார், அதனால் உள்ளூர் மக்களுக்கு நம் மீது கோபம். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள்!

போட்டிக்கு முந்தைய நாள் ரஹீம் வீரர்களிடம் தனக்கு ஒரு பரிசு வேண்டும், அது இந்தத் தங்கம்தான் என்று கேட்டதாக அந்த வீரர்களே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். காய்ச்சலிலிருந்து மீண்ட பீட்டர் தங்கராஜைக் கோல் காவலுக்கு நிறுத்தினார். நெடுநெடுவென்று உயரமான தங்கராஜ் நமக்கு அந்நியர் இல்லை, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடி வளர்ந்தவர். பி.கே. பானர்ஜி முதல் கோல். கொஞ்ச நேரத்திலேயே தலையில் தையலோடு ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்று திருப்பியது. 2-1. கேப்டன் சுனி கோஸ்வாமி தலைமையில் இந்தியாவுக்குத் தங்கம்.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார்.

அவருக்குப் பின்னால்

1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970-இல் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதன் பிறகு? ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துத் தங்கம் 1962-க்குப் பிறகு இந்தியாவுக்கு வரவே இல்லை. ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் 1960-க்குப் பிறகு நாம் காலே வைக்கவில்லை. ஒரே மனிதர் போனதால்தான் எல்லாம் போனது என்று சொன்னால் அது மிகை, காரணங்கள் பல. ஆனால் ஒன்று உண்மை. ஒருவருடைய தலைக்குள் இருக்கும் பயிற்சி முறை அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரவில்லையென்றால், அந்த ஆளோடு அதுவும் போய்விடும்.

நம்ம காலேஜிலும் வருஷா வருஷம் இதுதான் நடக்குது. ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் நல்லா பிராக்டிஸ் நடத்துவார். மே மாசம் அவர் போயிடுவார். ஜூலையில் புது கேப்டன் வந்து மறுபடியும் நாலு ரவுண்டு, நீள வரிசை, இருட்டுற வரைக்கும் மேட்ச் என்று ஆரம்பிப்பார்.

அதனால இந்தக் கட்டுரையைப் படிக்கிற கேப்டன்களுக்கும், கேப்டன் ஆகப்போற செகண்ட் இயர் தம்பி தங்கச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கால்பந்துன்னு இல்லை, கபடி, வாலிபால் எதுவானாலும் சரி. வர்ற திங்கட்கிழமை அந்த நீள வரிசையைக் கலைங்க. நாலு நாலு பேராப் பிரிச்சு, குழுவுக்கு ஒரு பந்து கொடுங்க. 20 பேருக்கு 5 பந்து போதும், இல்லைன்னா வசூல் பண்ணி வாங்கலாம். முதல் 15 நிமிஷம் டிரிபிளிங் கிடையாது. அடுத்த 15 நிமிஷம் பலமில்லாத கால் மட்டும். ஸ்கோர் எழுதுங்க, தோத்த குழு டீ வாங்கித் தரட்டும். எவன் வரலையோ அவன் ரூமுக்கு ஒருத்தர் போய் என்ன விஷயம்னு கேளுங்க.

கடைசியா, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. இன்னைக்கு என்ன பண்ணோம், யாருக்கு எது வரலை, எந்த விதி வேலை செஞ்சுது என்று தினம் நாலு வரி எழுதி வையுங்க. மே மாசம் ஹாஸ்டல் காலி பண்ணும்போது அந்த நோட்டை அடுத்த கேப்டன் கையில கொடுத்துட்டுப் போங்க.